காவின் புத்தகத்தில் எழுதிய வீடு

காத்தான்குடி,
12.03.1938

அன்புத் தம்பி ஹமீட் அறிவது,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் மச்சானும் மகள் ஹிதாயாவும் சுகம். உன் சுகத்துக்குத் துஆ கேட்கிறோம். பதுளைக் குளிரில் உன் இருமல் எப்படி? நான் அனுப்பிய கம்பளிச் சால்வையைப் போர்த்துகிறாயா, பெட்டிக்குள் மடித்து வைத்து அழகு பார்க்கிறாயா?

ஒரு சந்தோஷமான சங்கதி. ஹிதாயாவுக்கு மாப்பிள்ளை சரிவந்துவிட்டது. ஏறாவூர்ப் பொடியன், பெயர் அஹமட். தகப்பனுக்கு உன்னிச்சைப் பக்கம் வயல் இருக்கிறது. பொடியனுக்கு வேலை அதிகம், வாய் குறைவு. போன வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். பெண்ணை எங்கே பார்த்தார்கள்? வீட்டைத்தான் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் மாமி அண்ணாந்து கூரை மரத்தை எண்ணினாள். கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுக் கொப்பளித்தாள். "வீடு நல்லம்கா. ரெண்டறை, கல்லுச் சுவர், ஆத்துக் காத்து. நம்மட பொடியன் வந்து இரிக்கத் தோதா இரிக்கி" என்று சொல்லிவிட்டுத்தான் ஹிதாயாவின் முகத்தைப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனாலும் அவளைக் குற்றம் சொல்ல முடியுமா? நம்முடைய பக்கத்தில் பெண்ணுக்கு வீடு இல்லாவிட்டால் மாப்பிள்ளை எங்கே வந்து இருப்பான்?

நோன்புப் பெருநாள் கழிந்து கலியாணம். அன்றைக்கே வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் பின்பக்கம் ஒதுங்கிக்கொள்வோம். மச்சானின் தறிப் பள்ளம் மட்டும் முன்னறையில் இருக்கட்டும் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் கேட்டிருக்கிறோம். அவர் தறியில் நெய்யாவிட்டால் என்னைப் பிடித்து நெய்துவிடுவார்.

முப்பது வயதாகிறது உனக்கு. மருமகளுக்குப் பிறகாவது நீ முடிப்பாயா?

உன் ராத்தா,
ஸாலிஹா

*

பதுளை,
27.03.1938

அன்புள்ள ராத்தாவுக்குத் தம்பி ஹமீட் ஸலாம் சொல்லி எழுதுவது.

நான் சுகம். இருமலும் சுகமாகவே இருக்கிறது. சால்வையைப் போர்த்திக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

ஹிதாயாவின் சங்கதி அறிந்து மனம் நிறைந்துவிட்டது. கலியாணப் புடவை என் பொறுப்பு. கடையில் புதிதாக வந்த பட்டில் ஒன்றை ஒதுக்கி வைக்கிறேன்.

எங்கள் பக்கீர் முதலாளி போன மாதம் மௌத்தாகிவிட்டார். பன்னிரண்டு வருடம் அவருடைய சோற்றைத் தின்றவன் நான். இப்போது மகன் பாறூக் கடையில் இருக்கிறார். தகப்பனின் இரும்புப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு கடதாசியாக வாசிக்கிறார்.

ராத்தா, சும்மா ஒரு கேள்வி. நம்முடைய வீட்டுக்கு உங்கள் பெயரில் உறுதிப் பத்திரம் ஏதும் இருக்கிறதா? கலியாணம் வருகிறது அல்லவா, அதனால்தான் கேட்கிறேன். மச்சானுக்கும் ஹிதாயாவுக்கும் என் ஸலாம்.

தம்பி,
ஹமீட்

*

காத்தான்குடி,
06.04.1938

அன்புத் தம்பிக்கு ராத்தாவின் ஸலாம். நாங்கள் எல்லோரும் சுகம்.

பக்கீர் முதலாளியின் மௌத்துக்கு யாசீன் ஓதினோம். உன்னைப் பிள்ளைபோல வைத்திருந்த மனிதர். அல்லாஹ் அவருக்குச் சுவர்க்கத்தைக் கொடுப்பானாக.

உறுதியா? மலைநாட்டுக்குப் போய் நீயும் துரைமார்போலப் பேசத் தொடங்கிவிட்டாய். என் கலியாணத்தன்று நீ ஒன்பது வயதுப் பொடியன், வட்டிலப்பத்தைக் கண்டதும் வேறொன்றும் உன் கண்ணில் படவில்லை. அன்றைக்குப் பள்ளிவாசலில் லெப்பை கலியாணக் காவின் எழுதியபோது வாப்பா சபை நடுவில் எழும்பி நின்று, "என்ட மகள் ஸாலிஹாவுக்கு ஆத்தங்கரை வீடும் வளவும் சீதனம்" என்றார். லெப்பை அதைக் காவின் புத்தகத்தில் எழுதினார். பள்ளியை நடத்துகிற மரைக்காயர் மூன்று பேர் கையெழுத்து வைத்தார்கள். அன்று முதல் இருபத்தொரு வருடம் இந்த வீட்டில் நான் அடுப்பு மூட்டுகிறேன். வாப்பாவே மௌத்தாகும்வரை பின்பக்கம்தான் படுத்தார். முன்னறைக்குள் வரும்போது, "மகள், வரட்டா?" என்று கேட்டுத்தான் வருவார். இதற்கு மேல் என்ன உறுதி வேண்டும்?

ஊரில் எந்தப் பெண்ணிடம் வேறு உறுதி இருக்கிறது, சொல்லு பார்ப்போம். பட்டு சிவப்பாக இருக்கட்டும் என்று மருமகள் வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லுகிறாள்.

ராத்தா,
ஸாலிஹா

*

பதுளை,
02.06.1938

அன்புள்ள ராத்தாவுக்கு,

ஸலாம். நான் சுகம். இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னிக்கவும். கடையில் சரக்குக் கணக்கெடுப்பு.

ராத்தா, நான் சொல்வதைச் சிரிக்காமல் கேளுங்கள். மச்சானையும் கூட்டிக்கொண்டு ஒரு நொத்தாரிசிடம் போங்கள். வீட்டை உங்கள் பெயருக்கு முறைப்படி எழுத என்ன வழி என்று கேளுங்கள். தாமதிக்க வேண்டாம். காரணம் ஒன்றுமில்லை. காலம் பழையபடி இல்லை, அவ்வளவுதான்.

சிவப்புப் பட்டு எடுத்து வைத்திருக்கிறேன்.

தம்பி,
ஹமீட்

*

காத்தான்குடி,
20.06.1938

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். நாங்கள் சுகம். உன் கடிதம் கண்ட நாளிலிருந்து எனக்கு நித்திரை மட்டும் சுகமில்லை.

நீ சொன்னபடியே மச்சானும் நானும் கல்லடிப் பாலத்தால் புளியந்தீவுக்குப் போய் நொத்தாரிசைக் கண்டோம். காவின் புத்தகச் சங்கதியைச் சொன்னோம். அந்த மனிதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உம்மா, பள்ளிப் புத்தகம் ஊருக்குச் சரி. காணி பூமி கைமாற நொத்தாரிசு உறுதி வேணும். உங்கட வாப்பா அப்படி எழுதல்ல. எழுதாமலே போயிட்டார். இப்ப சட்டப்படி வீட்டில ரெண்டு பங்கு தம்பிக்கு, ஒரு பங்கு உங்களுக்கு" என்றார்.

இருபத்தொரு வருடமாக என் தம்பியின் வீட்டில் ஒரு மூலையில் குடியிருந்திருக்கிறேன் என்கிறாரே! மச்சான்தான் சிரித்தார். "மச்சினன் வேறயா? அவன் வந்து ஒரு கையெழுத்து வச்சா முடிஞ்சு போச்சு" என்றார். நொத்தாரிசும் அதையேதான் சொன்னார். நீ வந்து உன் இரண்டு பங்கையும் எனக்கு எழுதித் தந்தால் ஒருவரும் வாய் திறக்க முடியாதாம்.

நாலு நாள் லீவு கேட்டுக்கொண்டு வா தம்பி. உனக்குப் பிடித்த மணலைமீன் ஆணம் ஆக்கித் தருகிறேன். கையெழுத்து வைத்த கையோடு சாப்பிடலாம்.

ராத்தா,
ஸாலிஹா

*

பதுளை,
30.07.1938

அன்புள்ள ராத்தாவுக்கு,

ஸலாம். உங்கள் கடிதம் கிடைத்தது. எனக்குக் காய்ச்சல். இப்போது பரவாயில்லை. பாறூக் முதலாளி லீவு தரமாட்டேன் என்கிறார். பெருநாளுக்கு முன் பார்ப்போம்.

ஹிதாயாவுக்கு இரண்டு சட்டைத் துணி தபாலில் அனுப்பியிருக்கிறேன். மச்சானுக்கு ஒரு தொப்பி.

தம்பி,
ஹமீட்

*

காத்தான்குடி,
15.08.1938

தம்பி ஹமீட்டுக்கு ராத்தா அவசரமாக எழுதுவது.

ஸலாம். உன் காய்ச்சல் மாறிவிட்டதா? இங்கே எங்களுக்குத்தான் காய்ச்சல் பிடித்திருக்கிறது.

வியாழக்கிழமை கோட்டிலிருந்து ஒருவன் வந்து இங்கிலீசுக் கடதாசி ஒன்றைத் தந்தான். நான் அறபு எழுத்தில் தமிழ் எழுதுகிறவள், எனக்கு அது என்ன விளங்கும்? வழக்குப் பேசுகிற பிரக்கிராசியார் ஒருவரிடம் காட்டி வாசிப்பித்தோம். பதுளை பாறூக் நம்முடைய வீட்டில் இரண்டு பங்குக்குச் சொந்தக்காரராம். நீ மூன்று வருடத்துக்கு முன் அவருடைய வாப்பாவுக்கு அறுதியாக விற்றாயாம். வீட்டைப் பிரித்துத் தரவேண்டும், பிரிக்க முடியாவிட்டால் ஏலத்தில் விற்கவேண்டும் என்று வழக்கு வைத்திருக்கிறார்.

யா அல்லாஹ்! இப்படியும் மனிதர்களா? வேலைக்காரனுடைய கையெழுத்தைத் திருடிக் கள்ள உறுதி முடித்திருக்கிறான். உனக்குத் தெரிந்தால் உடைந்து போவாய் என்றுதான் முதலில் யோசித்தேன். தெரியாமல் முடியாது. பிரக்கிராசியார் ஒரு வழி சொன்னார். பத்து வருடத்துக்கு மேல் ஒருவருக்கும் பதில் சொல்லாமல் சொந்த வீடாகவே ஆண்டிருந்தால், உறுதி இல்லாவிட்டாலும் அது எனக்குத்தானாம். அதைக் காட்ட ஊரார் சாட்சி போதாதாம். பங்கு உள்ளவன் என்று சட்டம் சொல்லுகிற நீயே வந்து, "இது கலியாண நாளிலிருந்து ராத்தாட வீடு, எனக்கு இதில ஒண்டுமில்ல" என்று சொல்லவேண்டும்.

அந்தக் கடையை விட்டு வந்துவிடு. இங்கே கஞ்சி குடித்தாலும் மரியாதையாகக் குடிக்கலாம்.

ராத்தா,
ஸாலிஹா

*

காத்தான்குடி,
04.12.1938

தம்பிக்கு ஸலாம்.

நோன்பும் போய்விட்டது, பெருநாளும் போய்விட்டது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பெருநாளன்று கடைசி பஸ் வரும்வரை மச்சான் றோட்டில் நின்றார்.

கலியாணத்தை வழக்கு முடியும்வரை தள்ளி வைத்திருக்கிறோம். ஏறாவூரார் இன்னும் முறைப்பாகப் பேசவில்லை. மாப்பிள்ளையின் மாமி மட்டும், "வீட்டுப் பிரச்சினை எப்ப முடியும்கா?" என்று ஆள் விட்டுக் கேட்கிறாள்.

போன கிழமை பிரக்கிராசியார் அந்த உறுதியைக் கோட்டில் காட்டினார். கடைசித் தாளில் கையெழுத்து இருந்தது. தம்பி, உனக்கு எழுத்துப் பழக்கியவள் நான். "இது கள்ளக் கையெழுத்துத்தானே?" என்று மச்சான் கேட்டார். கண் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்து மரத்தடியில் இருந்தேன்.

ஏன் வைத்தாய் என்று கேட்கவில்லை. பெப்ரவரி எட்டாம் தேதி புதன்கிழமை கோட்டில் வழக்கு விளக்கம். அன்றைக்கு வந்து உண்மையைச் சொல்லு. மற்றதெல்லாம் பிறகு.

ஸாலிஹா

*

பதுளை,
18.12.1938

ராத்தா,

வாறன். எட்டாம் தேதி கோட்டில் நிற்பேன். வேறு எதுவும் இப்போது எழுத முடியாது.

ஹமீட்

*

காத்தான்குடி,
03.01.1939

என் கண்ணான தம்பிக்கு ராத்தாவின் ஸலாம்.

உன் இரண்டு வரியை எத்தனை தரம் வாசித்தேன் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். மச்சான் அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டார். ஏறாவூருக்கும் ஆள் அனுப்பித் தம்பி வருகிறான் என்று சொல்லிவிட்டோம். ஹிதாயா உன் அறையைச் சாணம் போட்டு மெழுகுகிறாள். மார்கழி மழையில் அது எப்படிக் காயும் என்று கேட்டால் சிரிக்கிறாள்.

முதல்நாளே வந்துவிடு. பஸ்ஸில் கரைப்பக்கம் இராதே, சாரல் அடிக்கும், இருமல் கூடும்.

ராத்தா

*

பதுளை,
12.02.1939

ராத்தாவுக்கு,

ஸலாம் சொல்ல எனக்கு முகமில்லை. ஆனாலும் ஸலாம்.

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். 1935இல் பக்கீர் முதலாளி பண்டாரவளைக் கடைச் சாவியை என் கையில் தர நினைத்தார். பொறுப்பான வேலைக்குப் பிணை வைப்பது இங்குள்ள வழக்கம். என்னிடம் என்ன இருந்தது? நொத்தாரிசு வாப்பாவின் சொத்தைப் பற்றி விசாரித்தார். ஒரு வீடு, பிள்ளைகள் இரண்டு என்றேன். "அப்ப ரெண்டு பங்கு உமக்குத்தானே" என்றார். நான் மனதுக்குள் சிரித்தேன் ராத்தா. அது ராத்தாவின் வீடு, எனக்கு அதில் ஓர் ஓடுகூட இல்லை என்று ஊருக்கே தெரியும். இல்லாத பங்கை எழுதிக் கொடுத்தால் யாருக்கு என்ன நட்டம் என்றுதான் நினைத்தேன். "சும்மா பெட்டிக்குள்ள கிடக்கும். நீ வேலைய விட்டுப் போற அண்டைக்குத் திருப்பித் தாறன்" என்று முதலாளி சொன்னார். சொன்னால் செய்கிற மனிதர். அவருடைய சொல் அவரோடு கபுறுக்குள் போய்விட்டது. பெட்டியில் கிடந்தது பிணை அல்ல, அறுதியாக விற்ற உறுதி.

நான் பாறூக்கின் காலில் விழாத குறை. "கோட்டில போய் வீடு ராத்தாட எண்டு சொல்லு. உன்ட இல்லாததை வித்து என்ட வாப்பாவ ஏமாத்தின எண்டு அடுத்த நாளே பொலிசில குடுக்கிறன்" என்று அவர் சொன்னார். ஜெயில் என்றார்.

ஆனாலும் புறப்பட்டேன். ஏழாம் தேதி பின்னேரம் செங்கலடிச் சந்தியில் இறங்கினேன். இரவு பள்ளியில் படுத்தேன். எட்டாம் தேதி காலையில் மட்டக்களப்பு பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்ததும் வந்தது. தேத்தண்ணிக் கடை வாங்கில் இருந்துகொண்டு நடுப்பகல் லுஹர் பாங்கு சொல்லும்வரை ஒவ்வொரு பஸ்ஸையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பதுளை பஸ் வந்தது. அதில் ஏறினேன். என்னைவிடப் பயந்தவனை நீங்கள் வளர்த்திருக்க முடியாது. உம்மா பெற்றாலும் வளர்த்தது நீங்கள்தானே.

கோட்டில் என்ன நடந்தது? பாறூக் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சந்தோஷமாகத் திரிகிறார். அதைப் பார்க்கத்தான் பயமாக இருக்கிறது. நான் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் வரவில்லை. இனி ஒருநாள் வந்து உங்கள் முன்னால் நிற்கட்டுமா?

ஹமீட்

*

காத்தான்குடி,
30.07.1939

தம்பி ஹமீட்டுக்கு,

ஸலாம். உயிரோடு இருக்கிறோம்.

ஐந்து மாதமாக உன் கடிதம் என் சேலைப் பெட்டிக்குள் கிடக்கிறது. பதில் எழுத உட்காருவேன், எழும்பிவிடுவேன். இன்றைக்கு எழுதி முடித்துவிட வேண்டும்.

வழக்கு விளக்கத்தன்று காலையில் பெரிய மரைக்காயர் கோட்டுக்குக் காவின் புத்தகத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். வாசித்தும் காட்டினார். பிறகு என்னைச் சாட்சிக் கூட்டில் ஏற்றிச் சத்தியம் செய்வித்தார்கள். கலியாண நாள், வாப்பா எழும்பி நின்றது, கேட்டுக் கேட்டு முன்னறைக்கு வந்தது, எல்லாம் சொன்னேன். நீதவான் துரை எழுதிக்கொண்டே இருந்தார். நம்முடைய பிரக்கிராசியார் முகத்தில் வெளிச்சம் வந்தது. நீ வராமலே வென்றுவிடுவோமோ என்றுகூட நினைத்தேன்.

அதற்குப் பிறகு அவர்களுடைய அப்புக்காத்து எழும்பினார். கோபமில்லாத மனிதர். அவர் இங்கிலீசில் கேட்டார், கோட்டு முதலியார் தமிழில் சொன்னார்.

"வீடு முழுக்க உங்கடதா?"

"ஓம்."

"தம்பிக்கு ஒண்டுமில்லையா?"

"இல்ல."

"அப்ப தனக்கு இல்லாத வீட்டைத் தன்ட எண்டு வித்து, நம்பின முதலாளிய ஏமாத்தின கள்ளன் உங்கட தம்பி. ஓமா, இல்லையா? ரெண்டில ஒண்டு சொல்லுங்க."

பின் வாங்கில் இருந்த பாறூக் முன்னால் சாய்ந்து என் வாயைப் பார்த்தார். நான் வாசலைப் பார்த்தேன். ஓம் என்று சொன்னால் வீடு தப்பும், நீ ஜெயிலுக்குப் போவாய். அவ்வளவு எனக்கும் விளங்கியது. உம்மா மௌத்தான அன்று வாப்பா உன்னை என் மடியில் போட்டுவிட்டுப் போனதும், உனக்கு அப்போது பல்கூட முளைக்காததும் அந்த இடத்தில் ஏன் நினைவு வந்ததோ தெரியாது.

"என்ட தம்பி கள்ளன் இல்ல. அவன்ட பங்கத்தான் அவன் எழுதினான்" என்று சொன்னேன்.

அப்புக்காத்து வேறு கேள்வி கேட்கவில்லை. நம்முடைய பிரக்கிராசியார் கடதாசிகளை அடுக்கத் தொடங்கினார். மரைக்காயர் என் முகத்தைப் பார்க்காமல் புத்தகத்தைத் திரும்பத் துணியில் சுற்றினார். அல்லாஹ்வைச் சாட்சி வைத்துப் பொய் சொன்னவள் நான். அதற்கு மறுமையில் பதில் சொல்ல வேண்டியவளும் நான்தான். நீ செங்கலடிச் சந்தியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த நேரம் அது.

சித்திரையில் அளந்தார்கள். இரண்டறை வீட்டை மூன்றாகப் பிரிக்க முடியாது என்று ஏலம் வைத்தார்கள். பாறூக்கின் ஆள் எடுத்தான். என் ஒரு பங்குக்கு வந்தது வழக்குக்கே போயிற்று. மச்சானின் தங்கச்சி வீட்டு ஓரத்தில் ஓலைப் பத்தி இறக்கி இருக்கிறோம். பெண்டாட்டியையும் குமர்ப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு தங்கச்சி வீட்டில் ஒதுங்கிய ஆம்பிளை நம்முடைய ஊரில் உண்டா? அவர் பள்ளிக்குப் போவதற்கும் சந்து வழிதான் போகிறார். தறியைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருக்கிறது, பள்ளம் தோண்ட இங்கே இடமில்லை. கோட்டில் நான் சொன்னதைப் பற்றி அவர் இன்றுவரை ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டுத் திட்டினால் எவ்வளவோ நல்லம்.

அஹமட்டுக்கு வைகாசியில் கலியாணம் முடிந்தது. பெண் அதே ஏறாவூர். வீடு இருக்கிறதாம். மாமி நல்ல மனுஷி, நேரில் வந்து சொல்லிவிட்டு அழுதுவிட்டுப் போனாள். அதன்பிறகு ஒருவரும் பெண் கேட்டு வரவில்லை. வந்தால் எந்த வீட்டைப் பார்ப்பார்கள்? நீ அனுப்பிய சிவப்புப் பட்டு நேற்றுத் தபாலில் வந்தது. பிரிக்காமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

எனக்கு உன்மேல் கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய். ஆனாலும் வேலையை விட்டுவிடாதே. சாப்பாட்டில் கவனமாயிரு.

வரட்டுமா என்று கேட்டிருந்தாய். போன கிழமை ஹிதாயா என் பக்கத்தில் படுத்துக்கொண்டு கேட்டாள்: "உம்மா, கோட்டில அந்த ஒரு சொல்லைச் சொல்ல முன்ன, என்னை நினைச்சிங்களா?"

நினைக்கவில்லை தம்பி. அந்த நேரம் எனக்கு மகள் ஒருத்தி இருப்பதே நினைவில் இல்லை. அதை அவளிடம் சொல்லவில்லை. நீ வந்து முன்னால் நின்றால் உன் முகத்தையும் என் முகத்தையும் பார்த்து அவளே கண்டுபிடித்துவிடுவாள். அதனால் வராதே.

துஆவுடன்,
ஸாலிஹா